வசன எண் போட்ட மொட்டைக் கடிதம்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயர் கையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. பாடகர்கள் உட்காரும் கொயர் பெஞ்சில் முதல் வரிசையில் இருந்த எனக்கு நன்றாகவே தெரிந்தது.

அறிவிப்புகளை வாசித்தார். பெண்கள் கூட்டம், பிடி அரிசி கொண்டுவர வேண்டிய நாள், புதன்கிழமை தொடங்கும் லெந்து நாட்கள். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் காகிதத்தை விரித்தார். கீழத்தெருப் பையன் ஒருவனுக்கும் பக்கத்து ஊர்ப் பெண்ணுக்கும் மூன்றாம் ஓலை. தடை சொல்ல யாராவது இருந்தால் இப்போதே சொல்லும்படி கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை.

இரண்டாவது காகிதத்தை அவர் விரிக்கவில்லை. மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, காணிக்கைப் பாட்டின் எண்ணைச் சொன்னார்.

என் பக்கத்தில் பியூலா இருந்தாள். ஓலை வாசிக்கிற மூன்று ஞாயிறும் வெட்கப்பட்டுக்கொண்டு கோயிலுக்கு வராமலே இருந்துவிடும் பெண்கள் உண்டு. பியூலா அந்த ரகம் இல்லை. முதல் ஓலைக்கும் வந்தாள், இரண்டாம் ஓலைக்கும் வந்தாள், இன்றைக்குப் புதுச் சேலையே கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பின்னால் சனம் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தது. அவள் எழுந்து நின்று பாடினாள். குரல் ஓரிடத்திலும் பிசகவில்லை.

என் குரல்தான் வரவில்லை. அந்தக் காகிதத்தை மடிக்க வைத்தவள் நான்.

ஒரு வாசகருக்குப் பதில்

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என் பள்ளிக்கூட நாட்களை எழுதி வருகிறேன். எல்லாவற்றிலும் நான் நல்லவளாகவே வருகிறேன் என்று ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். நியாயமான குற்றச்சாட்டு. அவருக்காகத்தான் இந்த வாரம்.

பியூலாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. என் பேர மட்டும் மாத்திராத, நான் என்னத்தப் பண்ணுனேன், பேர மாத்துதுக்கு?" என்று போனில் சொன்னாள்.

எங்கள் ஊர் பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரி போகிற டவுன் பஸ்ஸில் பாதி வழி. ஆற்றுக்கு இந்தப் பக்கம் வயல், வயலுக்கு இந்தப் பக்கம் கோயில். கோயில் என்றால் சர்ச். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் அப்படித்தான் சொல்வோம், போதகரை ஐயர் என்போம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இரண்டையும் கேட்டுக் குழம்பிப் போவார்கள்.

ஓலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, தடை உண்டானால் சொல்லுங்கள் என்று சபையில் அறிவிப்பார்கள். மூன்றும் வாசித்தால்தான் தாலி. லெந்து என்னும் உபவாச நாட்கள் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. பியூலாவின் மாப்பிள்ளை சாமுவேல் மிலிட்டரியில் இருந்தான். லெந்துக்கு முந்தின நாள் செவ்வாய்க்கிழமை கல்யாணம், அடுத்த வாரம் லீவு முடிகிறது. அந்த ஒரு ஞாயிறு தவறினால் மாப்பிள்ளை ரயிலேறிவிடுவான்.

இதெல்லாம் எனக்கு விரல்நுனியில் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

காபி வட்டம் போட்ட போட்டோ

அப்போது எனக்கு இருபத்தாறு வயது முடிந்திருந்தது. பாளையில் ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சர். கார்த்திகை மாதத்தில் சாமுவேல் வீட்டிலிருந்து என்னைத்தான் முதலில் பார்க்க வந்தார்கள். அப்பா யாரிடமும் சொல்லவில்லை. ஏற்கெனவே நாலைந்து இடம் வந்து போயிருந்ததால், முடிவான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். அவர்களும் முறுக்கும் அதிரசமும் நன்றாகச் சாப்பிட்டார்கள். போய் எழுதுகிறோம் என்றார்கள்.

மாப்பிள்ளையின் போட்டோ மூன்று வாரம் எங்கள் வீட்டில் இருந்தது. யூனிபாரத்தில், ஸ்டுடியோ பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற போட்டோ. ஒருநாள் காபி டம்ளரைத் தெரியாமல் அதன் முதுகில் வைத்துவிட்டேன். வட்டமாகக் கறை பிடித்துக்கொண்டது. பிறகு போட்டோவைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்தது. கடிதம் வரவே இல்லை.

ஜனவரியில் பியூலா ஓடி வந்தாள். அவள் ஊரில் தையல் மிஷின் போட்டிருந்தாள், எனக்குப் பால்ய சினேகிதி. நிச்சயம் ஆகிவிட்டது என்று சொல்லி ஒரு போட்டோவை என் கையில் கொடுத்தாள். பூந்தொட்டி. யூனிபாரம். திருப்பிப் பார்த்தேன். காபி வட்டம்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை. ரொம்ப லட்சணமாக இருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அன்றைக்கு என் மனசில் விழுந்ததைப் பொறாமை என்று சொன்னால் அது மரியாதையான சொல்.

எனக்கு வந்த வசனம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வருஷப் பிறப்பு ஆராதனையில், அந்த வருஷத்துக்கான வாக்குறுதியாக பைபிளிலிருந்து ஒரு வாக்குத்தத்த வசனம் எடுப்பது எங்கள் வழக்கம். கடைகளில் அச்சடித்த அட்டை கிடைத்தாலும் எங்கள் ஐயர் வாங்க மாட்டார். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் எழுதாத பக்கத்தை வெட்டி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வசனத்தைக் கையால் எழுதித் தட்டில் வைப்பார். ஒவ்வொருவராகப் போய் எடுப்போம். அவர் வாங்கி உரக்க வாசித்துவிட்டு, ஒரு நோட்டில் பெயரையும் வசன எண்ணையும் குறித்துக்கொண்டு திருப்பித் தருவார். வருஷம் முழுக்க அந்தந்த ஆளுக்காக அந்தந்த வசனத்தை வைத்து ஜெபிப்பதற்காம்.

அந்த வருஷம் எனக்குக் கல்யாண வசனம் வேண்டியிருந்தது. வீடு, குடும்பம், ஆசீர்வாதம் என்று ஏதாவது வந்தால் போதும் என்று கண்ணை மூடி எடுத்தேன். வந்தது, கோபத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளாமல் மன்னிப்பதில் பிரியப்படுகிற கடவுளைப் பற்றிய வசனம். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இது குடிகாரனுக்கும் திருடனுக்கும் போக வேண்டிய வசனம், எனக்கு எதற்கு என்று வீட்டில் முணுமுணுத்தேன்.

எங்கள் வீட்டுக்கென்று இன்னொரு பழக்கம் உண்டு. யாருக்கு எதை எழுதினாலும் மேலே வலது மூலையில் அந்த வருஷத்து வசனத்தின் எண்ணைப் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்போம். அப்பா தொடங்கிவைத்தது. அதிகாரமும் வசனமும் சேர்ந்த எண் மட்டும்தான், வேறொன்றும் கிடையாது. லீவு லெட்டரிலும் அப்படிப் போட்டுக் கொடுத்தேன். எங்கள் தலைமை ஆசிரியை சைவ வீட்டம்மா. ஏழு, நடுவில் இரண்டு புள்ளி, பதினெட்டு என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, காய்ச்சல் சரியாக ஏழு பதினெட்டுக்குத்தான் ஆரம்பித்ததா டீச்சர் என்று கேட்டார். அறை முழுக்கச் சிரிப்பு.

இடது கை

இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள் உட்கார்ந்து ஐயருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கையெழுத்துத் தெரியக் கூடாது என்று இடது கையால் எழுதினேன். நாலு வரிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

இந்தப் பெண்ணுக்கு வலிப்பு நோய் உண்டு, மறைத்துக் கல்யாணம் செய்கிறார்கள், ஆண்டவர் சந்நிதியில் உண்மை வெளிவர வேண்டும். இப்படிக்கு உண்மை விரும்பி.

பியூலாவுக்கு ஐந்தாறு வயதில் கடும் காய்ச்சலில் இரண்டு தடவை வலிப்பு வந்தது உண்மை. அதோடு சரி. எட்டாம் வகுப்பில், முதல் நற்கருணைக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்புக்குப் போய்விட்டு நடந்து வரும்போது அவள் அதை எனக்கு மட்டும் சொன்னாள். பதிமூன்று வருஷம் பத்திரமாக வைத்திருந்து, சரியான நேரம் பார்த்து எடுத்தேன்.

ஊர்த் தபால் பெட்டியில் போட்டால் முத்திரை காட்டிக் கொடுத்துவிடும் என்று பஸ் ஏறிப் பாளையில் கொண்டுபோய்ப் போட்டேன். போட்டுவிட்டு ஒரு கடையில் லெமன் சோடா குடித்தேன். அந்தச் சோடாவின் ருசி இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. நன்றாகத்தான் இருந்தது, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

லெந்து

ஓலை நின்றது. கல்யாணம் நின்றது. சாமுவேல் வண்டி ஏறிப் போனான். ஐயர் பியூலா வீட்டுக்குப் போய்க் கடிதம் வந்த விவரத்தைச் சொல்லியிருக்கிறார். அவளுடைய அப்பா தாமே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். மாமியாராக வரவிருந்த அம்மாள், டாக்டரிடம் சீட்டு வாங்கி வரட்டும், ஈஸ்டருக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். பியூலா பாளையில் ஒரு டாக்டரிடம் போய் உட்கார்ந்து, தனக்கு நோய் இல்லை என்று எழுதி வாங்கி வந்தாள். துணைக்கு யார் போனது தெரியுமா? நான்தான். கூட வா என்று கூப்பிட்டாள், போனேன்.

இப்படி எழுதும்போதே கை கூசுகிறது.

லெந்து காலம் மனந்திரும்புகிற காலம். நானும் மீன், கறி விட்டேன், பூ வைப்பதை விட்டேன். ஞாயிறுதோறும் எல்லோருடனும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னேன். முந்நூறு பேர் சேர்ந்து சொல்லும்போது அவரவர் குரல் அவரவருக்கே கேட்பதில்லை. அதில் ஒரு வசதி உண்டு.

ஆனால் அப்பமும் ரசமும் வாங்கும் நற்கருணைக்குப் போக முடியவில்லை. முதல் தடவை காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். இரண்டாம் தடவை பாதி ஆராதனையில் தலைசுற்றல் வந்தது. எங்கள் கோயிலில் கொயர்தான் முதலில் எழுந்து போகும், மொத்தச் சபையும் பார்த்துக்கொண்டிருக்கும். யார் போகவில்லை என்பது மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். எனக்கு உடம்பில் ஏதோ பெரிய கோளாறு என்று பேச்சு கிளம்பியது. அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தாள். குடித்தேன்.

ஆயத்த ஆராதனை

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆயத்த ஆராதனை. மறுநாள் நற்கருணை எடுக்கிறவர்கள் மனசைச் சோதித்துப் பார்ப்பதற்காக. முடிந்து வெளியே வந்தபோது, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட ஈர வாசம் வீசியது. பியூலாவும் நானும் வாய்க்கால் கரையில் நடந்தோம். கொஞ்ச தூரம் அவள் முன்னால் போனாள். பிறகு நின்றாள்.

"ஏட்டி எப்சி, எனக்காக ஜெபம் பண்ணிக்கோ. அந்த லெட்டர் எழுதுன ஆள என்னால மன்னிக்க முடியல. முயற்சி பண்ணிப் பாத்துட்டேன், வரமாட்டேங்கு. மனசுல இத வச்சிக்கிட்டு நாளைக்கு நான் எப்படிக் கை நீட்டுவேன்? நாளைக்கு நான் நற்கருணை எடுக்கல."

நான் தப்பு செய்தேன், நான் நற்கருணைப் பந்திக்குப் போகவில்லை. அது என் கதை. ஒரு தப்பும் செய்யாத அவளும் போக மாட்டேன் என்கிறாள், அதற்கும் நான்தான் காரணம். கல்யாணத்தைத்தான் நிறுத்தினேன் என்று நினைத்திருந்தேன். அவளைக் கடவுளிடமிருந்தே நிறுத்திவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

குடையை மறந்துவிட்டேன், நீ போய்க்கொண்டே இரு என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். மழையே இல்லை, குடையும் கொண்டுவரவில்லை. அவளுக்கு அது தோன்றவில்லை.

மேலே எழுதியது

ஐயர் தாம் குடியிருக்கும் குருமனையின் வராந்தாவில் அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். ஐயரம்மா உள்ளே மறுநாளைக்கு ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. நான் நின்றபடியே சொன்னேன். அந்தக் கடிதம் நான் எழுதியது, ஐயா. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. உள்ளே போய்ப் பழைய நோட்டை எடுத்து வந்தார். அதற்குள் இருந்த கடிதத்தை விரித்து என்னிடம் நீட்டினார். இடது கையால் எழுதிய கோணல் எழுத்து. மேலே வலது மூலையில், அதே கோணல் எழுத்தில், ஏழு, இரண்டு புள்ளி, பதினெட்டு.

எழுதியதே எனக்கு நினைவில்லை. பேரை மறைத்தேன், ஊரை மறைத்தேன், கையெழுத்தை மறைத்தேன், வசனத்தை மட்டும் பழக்கதோஷத்தில் போட்டுவிட்டேன். உலகத்தில் இப்படி ஒரு மொட்டைக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்களா தெரியவில்லை.

அப்படியானால் அன்றைக்கே தெரிந்துவிட்டதா என்று கேட்டேன். தெரியும் என்றார். பிறகு அவர் சொன்னதுதான் என்னைக் குத்திக் கிழித்தது.

"வேற யாராவது எழுதியிருந்தா அடுப்புல போட்டிருப்பேன். ஓலையும் வாசிச்சிருப்பேன். மேல உன் வசனம் கெடந்துது. பியூலாவுக்கு நீ எவ்வளவு சினேகம்னு எனக்குத் தெரியாதா? நீயே சொல்லுதேன்னா உண்மையாத்தான் இருக்கும்னு நெனச்சிட்டேன்."

நோட்டை மூடினார். "உன்னயக் கூப்பிட்டு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்காம மடிச்சி வச்சேன். அது நான் செஞ்ச தப்பு. பொறவு விஷயம் தெரிஞ்சப்பவும் கேக்கல, கேட்டா நீ இல்லன்னுருவ, இன்னொரு பொய்யையும் உன் தலையில ஏத்துன மாதிரி ஆயிரும்னு பயந்தேன்."

கடவுள் என்னை மன்னிப்பாரா ஐயா என்று கேட்டேன். டீச்சர் வேலை பார்க்கிறவள், பைபிள் பரீட்சையில் பரிசு வாங்கியவள், சின்னப் பிள்ளை மாதிரி அதைக் கேட்டேன்.

அவர் கடிதத்தின் மூலையில் விரலை வைத்தார். "கீழ நீ அவ்வளவும் எழுதுததுக்கு முந்தியே, மேல அதுக்குப் பதில எழுதிட்டியே."

இதுவரை எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வரிக்கு ஈடாக எதுவும் இல்லை. இரக்கம் எனக்கு முன்னாலேயே போய், அந்தப் பாளை தபால் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. உடம்பெல்லாம் லேசாகிப் போனது. அன்றைக்கு அழுத அழுகையில் துக்கம் பாதிதான் இருந்தது.

ஆனால் அவர் என்னை அப்படியே விடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, வா, அவளிடமும் சொல்ல வேண்டும், எனக்கும் அந்த வீட்டில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று முன்னால் நடந்தார்.

தையல் மிஷின்

ஐயர் வாசலிலேயே, அண்ணாச்சி, கொஞ்சம் வாங்க என்று பியூலாவின் அப்பாவைக் கூப்பிட்டுப் பேச உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் உள்ளே போனேன். பியூலா யாருக்கோ ஈஸ்டர் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். குடை கிடைத்ததா என்று கேட்டாள்.

சொன்னேன். போட்டோவிலிருந்து சோடா வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. மிஷின் நின்றுவிட்டது. பிறகு அவள் மறுபடியும் மிதிக்க ஆரம்பித்தாள். ஒரு கை முழுவதையும் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அத நான் யாருக்குட்டி சொன்னேன்? உனக்கு மட்டுந்தான சொன்னேன்."

அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. சாமுவேலிடம் நிச்சயத்தன்றைக்கே வலிப்பு விஷயத்தைத் தானே சொல்லிவிட்டதாகவும், மே மாதம் லீவு கேட்டிருப்பதாக அவன் எழுதியிருப்பதாகவும் சொன்னாள். கல்யாணம் நின்றுபோகாது, அதனால் நீ தப்பித்தாய் என்றாள். டாக்டர் வீட்டுப் பெஞ்சில் தான் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து என்ன நினைத்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டாள். சாக வேண்டும் போல இருந்தது என்றேன். நல்லா வேணும் என்றாள்.

"இப்பம் வீட்டுக்குப் போ. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல."

போனேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

பந்தி

ஈஸ்டர் காலையில் கொயர் பெஞ்சில் அவள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். பாடினோம். நற்கருணை நேரம் வந்தது. எங்கள் வரிசை எழுந்தது. நான் எழவில்லை. அவளும் எழ மாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் எழுந்தாள். மற்றவர்கள் என் முழங்காலை இடித்துக்கொண்டு போனார்கள். அவள் மட்டும் போகாமல் என் முன்னால் நின்றாள்.

முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஐயர் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறார்.

"வாட்டி" என்றாள். "நீ வரலன்னா நானும் போக முடியாது."

இரண்டு பேரும் போய் அருகருகே முழந்தாளிட்டோம். ஐயர் அப்பத்தை முதலில் அவள் கையிலும் பிறகு என் கையிலும் வைத்தார். இரண்டு மாதம் கழித்து முதல்முறையாக எனக்குப் பசித்தது. மத்தியானம் அம்மா வைத்த கறிக்குழம்பில் மூன்று தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். கஷாயம் வேலை செய்துவிட்டது என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள்.

மே மாதம் சாமுவேல் வந்து சேர்ந்த பிறகு, நின்றுபோன மூன்றாம் ஓலையை வாசித்தார்கள். பியூலா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். அன்றைக்கு நான் அவள் பக்கத்தில்தான் உட்கார வேண்டும், எந்தத் தலைசுற்றலும் கூடாது.

ஐயர் காகிதத்தை விரித்தார். பேர்களை வாசித்தார். தடை உண்டானால் இப்போதே சொல்லலாம் என்று நிறுத்தினார். வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் நிறுத்தின மாதிரி எனக்குத் தோன்றியது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பியூலா என் காதோரம் குனிந்தாள்.

"என்னட்டி, ஏதும் சொல்லணுமா?"

கோயிலே திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். ஐயர் கண்ணாடிக்கு மேலாக எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு, தடையொன்றும் இல்லை என்று தாமே சொல்லிவிட்டு, காகிதத்தை மடிக்காமல் கல்யாணத் தேதியை வாசித்தார்.